குளிர்பானம் பல்லை என்ன செய்கிறது: அரிப்பா, தேய்வா, கரைவா?

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய வேலை. பள்ளிகளில் ஒட்டுவதற்கு ஒரு பல் நலச் சுவரொட்டி. குளிர்பானத்தால் பல்லுக்கும், பல் அடைத்த இடத்துக்கும் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. தலைப்பில் உட்கார்ந்திருக்கும் ‘டென்டல் எரோஷன்’ (அமிலம் பட்டுப் பல்லின் மேல்படை போவது) மட்டும் தமிழுக்கு நகர மாட்டேன் என்கிறது.

மண் அரிப்பு, கடல் அரிப்பு என்று எழுதிப் பழகிய கையோடு ‘பல் அரிப்பு’ என்று போட்டு, எட்டாவது படிக்கும் மகளிடம் காட்டினேன். “பல்லு எப்படிம்மா அரிக்கும்? அரிச்சா எங்க சொறியறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சுவரொட்டியைப் படிக்கப் போகிறவர்களும் அவள் வயதுக்காரர்கள்தான். உடனே அடித்துவிட்டேன். ‘பல் தேய்மானம்’ போடலாமா? இல்லை, எல்லோருக்கும் தெரிந்த ‘பற்சொத்தை’ என்றே விட்டுவிடலாமா?

— சேலம்

*

சேலம் தங்கைக்கு,

சொத்தை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சொத்தையில் கிருமி உண்டு. நாம் தின்ற சர்க்கரையை அது தின்று அமிலத்தை விடும், அது ஒட்டியிருக்கும் இடத்தில் குழி விழும். இங்கே கிருமிக்கு வேலையே இல்லை. அமிலம் புட்டியிலேயே வந்து இறங்குகிறது. லேபிளில் பொடி எழுத்தைப் பாருங்கள். கோலாவில் 338 என்றிருக்கும், அது பாஸ்பாரிக் அமிலம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் 330, சிட்ரிக் அமிலம். சர்க்கரை இல்லாத கோலா குடித்தாலும் இதே கதைதான். சொத்தை என்று எழுதினால் ‘சர்க்கரைதானே வில்லன், நான்தான் சர்க்கரை இல்லாததைக் குடிக்கிறேனே’ என்று தப்பித்துக்கொள்வார்கள்.

பல்லின் வெளிப்படையான எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. பி.எச். (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5 அளவுக்குக் கீழே போனால் அது கரையத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. கோலா 2.5 பக்கம். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. மூன்று படிக்கு ஆயிரம் மடங்கு. எச்சில் வந்து அமிலத்தை ஆற்றும், கொஞ்சம் தாதுவைத் திரும்பப் படியவைக்கவும் செய்யும். ஆனால் ஒரே புட்டியை மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் எச்சிலுக்கு அவகாசம் ஏது?

தேய்மானமும் சரிப்படாது. எங்களுக்குத் தேய்மானத்திலேயே மூன்று உண்டு. பல்லும் பல்லும் நறநறத்துத் தேய்வது ஒன்று, பிரஷ்ஷோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்வது ஒன்று, அமிலத்தால் போவது மூன்றாவது. குடும்பப் பெயரை ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்துவிட்டால் மற்ற இரண்டையும் எப்படிக் கூப்பிடுவது?

— கோவை (பல் மருத்துவர்)

*

அன்பர்களே,

தேய்வு என்றே வைத்துக்கொண்டாலும் ‘பல் தேய்வு’ என்று பிளந்து எழுதுவது முறையன்று. ‘லள வேற்றுமையில் றடவும்’ என்று நன்னூல் சொல்வதால் லகரம் றகரமாகும். ‘னலமுன் றனவும்’ என்பதால் வருமொழித் தகரமும் றகரமாகும். கல் + தூண் கற்றூண் ஆனால், பல் + தேய்வு பற்றேய்வு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. எயிறு என்ற நல்ல சொல் இருக்கப் பல் எதற்கு? பல் என்றால் ‘பல’வோ என்ற ஐயம் எழும். ‘வாலெயிறு ஊறிய நீர்’ என்கிறார் வள்ளுவர் (1121). டாக்டரம்மா சொன்ன அதே எச்சில்தான். பாலொடு தேன் கலந்தது போன்றதாம். எயிற்றரிப்பு என்று வையுங்கள். எயிறு சொறியாது என்பதை வகுப்பில் ஆசிரியர் விளக்கிக்கொள்வார்.

— மதுரை

*

மதுரை ஐயா கோபிக்கக் கூடாது. பற்றேய்வை நான் ‘பற்று ஏய்வு’ என்று பிரித்துப் படித்து, ஏதோ துறவறச் சங்கதி என்று நினைத்துவிட்டேன். எயிறு இன்னும் சிக்கல். அகராதியில் அதற்குப் பல் என்றும் பொருள், ஈறு என்றும் பொருள். பல் போஸ்டரில் அது எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகள் எங்கே போய்த் தேடும்?

ஆனால் அரிப்பை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனமில்லை. அரிவாள், அரிவாள்மனை, கரையான் அரித்த புத்தகம், கல் அரித்து எடுத்த அரிசி. எல்லாவற்றிலும் ‘சிறுகச் சிறுக எடுத்தல்’ என்ற கருத்து ஓடுகிறது. ‘அரம்போலும் கூர்மையர்’ என்ற குறளின் அரமும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்பது என் கட்சி. அரிசியே அரியிலிருந்து வந்தது என்றால், கிரேக்கர் அரிசிக்குச் சொன்ன பெயர் நம்முடையதுதான் என்று கால்டுவெல் சொன்னதும் இங்கே…

— திருச்சி

*

நெறியாளர் குறிப்பு: நேற்றிரவு அரிசி, கிரேக்கம், கால்டுவெல் பற்றி வந்த பதினோரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே பல் மட்டும். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

*

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எனாமலை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மிளிரி என்று படித்தோம், அதற்குக் கீழே இருப்பது பன்முதல். உங்கட பக்கம் பற்சிப்பி என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை: சிப்பி கல்சியம் காபனேற்று, பல் கல்சியம் பொசுபேற்று. இரண்டும் புளிப்பில் கரையும் என்பது வேறு கதை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான சுவரொட்டி என்றால் எனாமல் என்றே விடுங்கோ, சண்டை வேண்டாம்.

நடக்கிற காரியத்தைப் பார்த்தால் அது கரைதல்தானே? ஒரு முட்டையை வினாகிரியில் ஒரு நாள் போட்டு வையுங்கோ. ஓடு எங்கே போகிறது? பற்கரைவு என்றால் என்ன? மதுரை ஐயாவின் விதிக்கும் பொருந்தும், வாசிக்கவும் முடியும்.

— யாழ்ப்பாணம்

*

கரைவு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஓர் உறுத்தல். கரைந்தது என்றால் தண்ணீரில் போட்ட சர்க்கரை மாதிரி ஒன்றுமில்லாமல் போனதாகத் தோன்றும். கோலாவில் போட்ட பல் விடிவதற்குள் காணாமல் போய்விடும் என்ற கதையை எத்தனை பேரிடம் மறுத்திருப்பேன்! 1950இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசியபோதுகூட, பல் மிருதுவாகும், ஓரிரு நாளில் கரையத் தொடங்கும் என்றுதான் சொன்னார்; மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. வாயில் நடப்பது இன்னும் மெதுவான காரியம். முதலில் மேல்படை மெத்தென்று ஆகும், கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து பிரஷ் போட்டால் அதை வழித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் குடித்த கையோடு பல் துலக்காதே, தண்ணீரால் கொப்பளி, அரை மணி நேரமாவது பொறு என்கிறோம். சொல் எதுவானாலும் இந்த வரி பெரிய எழுத்தில் வரட்டும்.

அடைத்த பல் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். தூக்கம் வராமலிருக்க இரவெல்லாம் கோலா, புட்டி கியர் பக்கத்திலேயே. கடைவாய்ப் பல்லில் பல வருஷத்துக்கு முன் வெள்ளி அடைத்திருந்தார். “அடைச்சது வளர்ந்துடுச்சு டாக்டர், நாக்குல இடிக்குது” என்றார். அது எங்கே வளரும்? சுற்றியிருந்த பல் தாழ்ந்துபோய், வெள்ளி மட்டும் மேடாக நின்றது. வெள்ளம் மண்ணை அள்ளிக்கொண்டு போன பிறகு ஆற்றோர மரத்தின் வேர் துருத்திக்கொண்டு நிற்குமே, அதே காட்சி. கண்ணால் பார்த்தால் அரிப்பு என்றுதான் வாயில் வருகிறது.

வெள்ளி தாங்கும் அளவு எல்லா அடைப்பும் தாங்காது. 1972இல் வில்சனும் கென்ட்டும் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் வகை, அமிலத்தில் தானும் சேர்ந்து கரையும். பல் நிறத்தில் வைக்கும் ரெசின் அதைவிடத் தாங்கும் என்றாலும் நாளடைவில் சொரசொரப்பாகும். விளிம்பில் பல் போய்விட்டால் இடுக்கு விழும். அப்புறம், மூலக் குறிப்பில் யாராவது ‘நிரப்பி’ என்று கொடுத்திருந்தால் அடித்துவிடுங்கள். என்னிடம் வருகிற எல்லோரும் ‘பல்லை அடைச்சேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

— கோவை

*

அடைப்பு என்றால் எனக்குச் சாக்கடையும் மாரடைப்புமே நினைவுக்கு வருகின்றன. அரிப்பு கூடாது, ஏனெனில் சொறி நினைவு வரும். அடைப்பு மட்டும் கூடும். என்ன நியாயம்?

— மதுரை

*

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடைப்பு பழகிவிட்டது, அரிப்பு பழகவில்லை. அதற்கு மேல் பதில் இல்லை.

இன்று காலை பூசைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கும்போதும் இதே யோசனைதான். கறுப்பு போய்ப் பளபளவென்று வந்தது. பளபளப்பு வந்ததே மேலே ஒரு படை போனதால்தானே? டாக்டரம்மாவுக்குத் தனியே எழுதிக் கேட்டேன். அமிலம் பட்ட பல்லும் ஆரம்பத்தில் வழவழவென்று பளபளக்குமாம், பார்ப்பவர்கள் நல்ல பல் என்று நினைத்துக்கொள்வார்களாம். பாத்திரத்தையும் துலக்குகிறோம், பல்லையும் துலக்குகிறோம். ‘அமிலத் துலக்கல்’ என்று வைத்தால் பிள்ளைகள் கோலாவால் பல் விளக்க ஆரம்பித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

என் வாக்கு பற்கரைவுக்கு. முழுக்கக் கரைந்துவிடாது என்பதைக் கீழே ஒரு வரியில் சொல்லிக்கொள்கிறேன்.

— சேலம்

*

ஒரு எச்சரிக்கை. பற்கரைவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ரகரமும் றகரமும் ஒன்றாகிப்போன ஊரில் அது ‘பற்கறை’ என்று காதில் விழும். வெற்றிலைக் கறைக்கு விளம்பரம் என்று நினைப்பார்கள். நான் ‘அமில அரிப்பு’ பக்கம். ‘அமில’ என்று முன்னால் வந்துவிட்டால் சொறிகிற அரிப்பு ஓடிவிடும்.

— திருச்சி

*

நெறியாளர் குறிப்பு: பற்கரைவு ஏழு, அமில அரிப்பு ஐந்து, பற்றேய்வு ஒன்று, எயிற்றரிப்பு ஒன்று. கடைசி இரண்டும் ஒரே முகவரியிலிருந்து வந்தவை; ஆனாலும் எண்ணிவிட்டேன். ஏழில் இரண்டு பேர் ‘போதும், எதையாவது வையுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

*

அச்சகத்திலிருந்து வந்துவிட்டேன். திருச்சித் தம்பியின் வாக்கு பலித்துவிட்டது. மெய்ப்பில் கொட்டை எழுத்தில் ‘பற்கறைவு’. தட்டச்சு செய்த பையன், “கரைன்னா ஆத்தங்கரை மேடம், பல்லுல இருக்கறது கறைதானே, நீங்க தப்பா எழுதியிருந்தீங்க, நானே திருத்திட்டேன்” என்றான். அவனுக்கு விளக்க நேரமில்லை. தலைப்பை ‘குளிர்பானம் பல்லைக் கரைக்கும்’ என்று மாற்றச் சொன்னேன். கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுத்தான். பற்கரைவு அடியில் சின்ன எழுத்தில் ஒருமுறை வருகிறது, சரியான ரகரத்தோடு. ‘குடித்ததும் பல் துலக்காதே’ சிவப்பில் போயிருக்கிறது.

— சேலம்

*

வினையாக எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. பற்கரைவு நம் சொற்பட்டியலில் ஏறுவதற்கு மறுப்பு உண்டு, பதிந்துகொள்ளவும். அரிசி இழையில் நான் கேட்டதற்குத் திருச்சியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

— மதுரை