கயிறு வருகிறது, வாளி வரவில்லை: கனவில் பேசுவது யார்?

கிணற்றடி:
இரண்டு வருடமாகக் கனவுகளை எழுதி வைக்கிறேன். தலையணைக்குப் பக்கத்தில் மகளின் பழைய நோட்டும் ஒரு பென்சிலும் இருக்கும். விழித்ததும் எழுதிவிட வேண்டும். பல் தேய்க்கப் போனால் பாதி போய்விடும். அதில் ஒரே கனவு 11 முறை வந்திருக்கிறது. அம்மா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன். கயிறு வந்துகொண்டே இருக்கிறது, காலடியில் ஈரமாகக் குவிகிறது, வாளி மட்டும் மேலே வருவதில்லை. தேதிகளைப் புரட்டினால், மனசில்லாமல் யாருக்காவது ‘சரி’ என்று தலையாட்டிய நாட்களின் இரவுகள் அவை. பகலில் என்னிடமே நான் ஒப்புக்கொள்ளாததை ராத்திரி கனவு சொல்லிவிடுகிறது. ஆழ்மனதுக்கு இதைவிட நேரான வாசல் உண்டா?

தூங்காநகரம்:
அக்கா, நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி டெக்னீஷியன். தலையிலும் கண்ணோரத்திலும் ஒயர் ஒட்டிவிட்டு விடிய விடியத் திரையைப் பார்ப்பவன். தூங்கி ஒன்றரை மணி நேரம் போல ஆனதும் கண் அசைவுக் கோடுகள் துள்ள ஆரம்பிக்கும். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் எழுதிய ரெம் (REM) தூக்கம், அதாவது கண்கள் வேகமாக அசையும் தூக்கம், அதுதான். அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார்கள். மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் சமிக்ஞைகளை மேல்மூளை கதையாகக் கட்டுகிறது என்று 1977-ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். கதை இருக்கிறது என்பதற்காக அதில் சேதி இருக்க வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன். மனசில்லாமல் தலையாட்டியும் கிணறு வராத நாட்கள் எத்தனை? நோட்டில் இருக்கிறதா?

கனவில் யாரோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்று கோயில் கோயிலாகப் பரிகாரம் செய்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருகிறார்கள். பார்த்தால் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. அர்த்தம் தேடிய வருஷங்களில் உடம்பு கெட்டுப்போயிருக்கும். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

தஞ்சை வாத்தியார்:
தம்பி சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் பரிகாரம் தேடுவது வேறு, கனவுக்குக் காது கொடுப்பது வேறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கனவு சொல்லும் இடத்தைப் பாருங்கள். கணவன் கைபிடித்து ஒரு பெரிய ஊருக்குப் போகிறாள். ஊரார் தேளைத் தூக்கிப் போட்டதுபோலப் பழி போடுகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டதும், ‘காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்’ என்கிறாள். காப்பியத்தில் அதுவரை அவள் குரலே கேட்டதில்லை என்று சொல்லலாம். அப்படிப்பட்டவள் கனவில் அரசன் முன் வழக்காடுகிறாள்! வருங்காலக் குறி என்று நாம் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அது, அவளுக்குள் இருந்த இன்னொருத்தி முதல்முறை வாய் திறந்த இடம். கணவனோடு சேர, சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் மூழ்கிக் காமவேளைத் தொழலாம் என்று தேவந்தி அழைத்ததும் ‘பீடன்று’, அது பெருமையில்லை, என்று மறுத்துவிடுகிறாள். கனவை நம்பியவளுக்குப் பரிகாரம் தேவைப்படவில்லை.

தூங்காநகரம்:
ஐயா, ‘பீடன்று’ என்ற இடத்தை இப்படி யோசித்ததே இல்லை. ஆனாலும் அந்தக் கனவைக் கட்டியவர் இளங்கோ. மதுரை எரியப்போவது தெரிந்தவர் கட்டினால் எல்லாம் பொருந்தத்தான் செய்யும். நம் கனவுகளுக்கு அப்படி ஒரு புலவர் இல்லை.

கிணற்றடி:
தம்பி, 1977-லேயே நின்றுவிட வேண்டாம். மார்க் சோல்ம்ஸ் என்ற மூளை ஆய்வாளர், மூளை அடிபட்டவர்களைப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளையின் முன்பக்கம் ஆழத்தில், ஆசையையும் தேடலையும் கிளப்பும் பாதை சேதமானால் ரெம் தூக்கம் அப்படியே இருக்கும், கனவு நின்றுபோகும். வெறும் இரைச்சல் என்றால் ஆசையின் பாதை அறுந்ததும் அது ஏன் நிற்கிறது?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நோட்டு முழுவதும் புரட்டினேன். கனவுகள்தான் இருக்கின்றன, பகல்கள் இல்லை. கிணறு வராத ‘சரி’கள் எத்தனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்றிலிருந்து இடது பக்கம் பகல், வலது பக்கம் கனவு.

ஆனால் போன மாதம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மொத்தச் சமையலையும் என் தலையில் கட்டப் பார்த்தபோது, உள்ளங்கையில் அந்த ஈரக் கயிறு ஓடியது. ‘முடியாது அண்ணி’ என்றேன். கல்யாணமாகி 20 வருடத்தில் முதல் முறை.

தூங்காநகரம்:
சந்தோஷம் அக்கா. ஆனால் ‘முடியாது’ என்றது விழித்திருந்த நீங்கள். அந்தப் பெருமையைக் கனவுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் மூன்று மாதம் எழுதிவிட்டு இங்கேயே போடுங்கள், சேர்ந்து எண்ணிப் பார்ப்போம். ராத்திரி குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொன்னால் அதையும் குறித்து வையுங்கள்.