கேட்காத வாடிக்கையாளரிடமும் ஜரிகையின் தரத்தைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சிற்றூர் ஜவுளிக்கடை

அப்பாவுக்குப் பிறகு கடையை நான் நடத்தத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து எடுத்து வரும் பட்டுப் புடவைகள்தான் முகூர்த்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுகின்றன. பட்டு அசல், சில்க் மார்க் அட்டையும் உண்டு. ஆனால் வெள்ளி விலை ஏறியபின் நாங்கள் எடுப்பவற்றில் பெரும்பாலானவை, செம்புக் கம்பிக்கு முலாம் பூசிய டெஸ்டட் ஜரிகை போட்டு நெய்தவை. 'சுத்தப் பட்டுதானே?' என்று கேட்பவர்களிடம் 'ஆமாம்' என்கிறோம், அது பொய்யில்லை. ஜரிகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. நாமாகச் சொன்னால், வாய் திறக்காத எதிர்க்கடையில் அதே சரக்கை வாங்கிக்கொள்வார்கள் என்கிறார் அப்பா காலத்திலிருந்து இருக்கும் விற்பனையாளர் அண்ணன். பொன்மொழிகள் வேண்டாம்; கடை நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தறி வீட்டுப் பெண்

சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் இட்டதைத்தான் எங்கள் வீட்டில் ஜரிகை என்போம். நீங்கள் காட்டும் சில்க் மார்க் பட்டுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது; ஜரிகையைப் பற்றியோ, புடவை தறியில் நெய்ததா விசைத்தறியில் நெய்ததா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. கைத்தறிக்கென 2006இல் வந்த முத்திரை தனி. வாங்க வருபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அட்டையை நீட்டிவிட்டு நீங்கள் பேசாமலிருந்தால், முந்தானை முதல் கரை வரை எல்லாவற்றுக்கும் சான்று கிடைத்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

இருபது ஆண்டுகள் கழித்து, பணமுடையில் அந்தக் கல்யாணப் புடவையைப் பழைய பட்டு எடுப்பவரிடம் கொண்டு போகும்போதுதான் உண்மை தெரியும். அவர் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து, இதில் உருக்க வெள்ளியே இல்லையென்று திருப்பிக் கொடுப்பார். எங்கள் தெருவிலேயே அப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: மொத்த வியாபாரி

சற்று மிகைப்படுத்துகிறீர்கள், அம்மா. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வெள்ளி ஜரிகை கிடைக்காது என்பது விலையைப் பார்த்தாலே தெரிய வேண்டும். டெஸ்டட் ஜரிகை ஒன்றும் கள்ளச் சரக்கு அல்ல. அது இல்லையென்றால் பல வீடுகளில் கல்யாணத்துக்குப் பட்டே எடுக்க முடியாது.

பதில்: முப்பது ஆண்டு கல்லா

டெஸ்டட் ஜரிகை விற்பது தவறென்று இங்கே யாரும் சொல்லவில்லை. விலையைப் பார்த்து வாங்குபவரே ஊகிக்கட்டும் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை, ஏனெனில் வெள்ளியின் அன்றைய விலை நமக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. பொருளின் தரத்தையும் தூய்மையையும் அறிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்துதான் உண்மை பேச வேண்டுமா என்று கேட்டால், எனக்குத் தொடக்கத்தில் அந்தப் பயமும் இருந்தது.

நாங்கள் செய்தது எளிது. இரண்டு வகையையும் தனித்தனி அலமாரியில் வைத்தோம், விலை சொல்வதற்கு முன்பே ஜரிகை இன்னதென்று சொன்னோம், பில்லிலும் எழுதினோம். முதல் சீசனில் விற்பனை குறைந்தது என்பதை மறைக்க மாட்டேன், எதிர்க்கடைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் முகூர்த்தப் புடவையை வெள்ளி ஜரிகையிலும், உறவினருக்கு வைத்துக் கொடுப்பதை டெஸ்டட்டிலும் எடுக்கும் பழக்கம் மெல்ல வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னபோதுதான் மக்களுக்குத் தேர்ந்தெடுக்க வழி கிடைத்தது.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். வெள்ளி ஜரிகை என்று நாங்கள் அடுக்கிய புடவைகளில் சிலவற்றைக் கருவியில் வைத்துச் சோதித்தபோது, அவையும் டெஸ்டட் என்று தெரிந்தது. உங்களுக்குச் சரக்குத் தருபவர் எழுத்தில் என்ன தருகிறார்?

கேட்டவரின் பதில்

நேற்று அவரிடம் பேசினேன். பில்லில் 'பட்டுப் புடவை' என்று மட்டுமே இதுவரை இருந்திருக்கிறது. ஜரிகையையும் குறிப்பிட்டுத் தருவீர்களா என்றேன். 'கேட்டால் தராமல் என்ன? நீங்களும் கேட்டதில்லை, உங்கள் அப்பாவும் கேட்டதில்லை' என்றார்.