உயரமாகத் தாவவும் முழங்கால் வலுப்பெறவும் எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். என் வயது 24. உயரம் 178 செ.மீ., எடை 74 கிலோ. கைப்பந்தில் வலையின் இடப்பக்கத்திலிருந்து வலது கையால் அடித்து ஆடுகிறேன். நின்ற இடத்திலிருந்து சுமார் 50 செ.மீ. தாவ முடிகிறது. 2.43 மீட்டர் வலைக்கு மேல் எழும் தடுப்பாட்டக்காரர்களின் கைகளைத் தாண்டி அடிக்க அது போதவில்லை. இன்னும் 10 செ.மீ. கூட்ட வழி உண்டா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது, என் இடது முழங்கால். சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலிக்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் இருக்கும் வலி உடல் சூடேறியதும் அடங்கிவிடுகிறது. ஆனால் மறுநாள் காலை படியிறங்கும்போது திரும்பவும் தெரிகிறது. வீக்கமோ மூட்டுச் சிக்கலோ இல்லை. வாரத்தில் நான்கு மாலைகள் ஆடுகிறோம். ஆட்டம் இல்லாத நாட்களில் தாவு ஸ்குவாட்டும் (குந்தி எழுந்து தாவுதல்) கயிறு தாண்டலும் செய்தால் உயரம் கூடும் என்கிறார்கள் அணியில் சிலர். சில மாதங்கள் எல்லாவற்றையும் நிறுத்தி முழு ஓய்வு எடுக்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். உயரம், முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கலாமா, அல்லது ஒன்றை முடித்த பின்தான் மற்றதைத் தொடங்க வேண்டுமா?

பதில் 1 (உடல்வலுப் பயிற்சியாளர்)

இரண்டையும் சேர்த்தே கவனிக்கலாம். உங்கள் நிலையில் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: அதிக எடையை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சி. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் புரியாமல் செய்பவர்கள் மூன்றாவது வாரத்திலேயே அலுத்துப்போய்த் தாவு ஸ்குவாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கால் தரையை விட்டு எழும் கணத்தில் உடலுக்கு இருக்கும் வேகமே தாவும் உயரத்தைத் தீர்மானிக்கிறது. 50 செ.மீ. எழ நொடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகம் வேண்டும்; 60 செ.மீ. எழ 3.4 மீட்டர். அதாவது நீங்கள் கேட்கும் 10 செ.மீ.க்கு எழும் வேகம் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டும். அந்த வேகத்தை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தரையை அழுத்தித்தான் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே உடல் எடையோடு ஒப்பிட்டால் உங்கள் கால்கள் எவ்வளவு விசை தரவல்லவை, அதை எவ்வளவு விரைவாக வெளிப்படுத்துகின்றன என்ற இரண்டும் உயர வேண்டும். வாரத்தில் நான்கு மாலைகள் அடித்தும் தடுத்தும் ஆடும் உங்களுக்கு விரைவுப் பயிற்சி ஏற்கெனவே போதிய அளவு கிடைத்துவிடுகிறது. குறைவாக இருப்பது வலு. அதன்மேல் இன்னும் தாவல்களைச் சேர்த்தால், இருப்பதையே மேலும் கூட்டி இல்லாததை விட்டுவிடுவீர்கள். அதன் சுமை முழுவதும் அந்த முழங்கால் மீதே விழும்.

நடைமுறைக்கு வருவோம். வாரத்தில் மூன்று நாட்கள், ஒன்றுவிட்ட ஒரு நாளாக, தோள்களின் பின்புறம் பார்பெல் (எடைத் தண்டு) வைத்த ஸ்குவாட்டும், கருவியில் அமர்ந்து எடையைக் கால்களால் தள்ளும் லெக் பிரஸ்ஸும் செய்யுங்கள். இறங்க மூன்று நொடி, எழ மூன்று நொடி. 15 முறைக்கு மேல் தூக்க முடியாத எடையில் தொடங்கி, 12 வாரங்களில் படிப்படியாக 6 முறைக்கு மேல் தூக்க முடியாத எடைவரை கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் நான்கு சுற்றுகள். தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், தசையைவிட மெதுவாகவே மாறுகிறது என்பதால் இந்தக் காலத்தைச் சுருக்க முடியாது. இவற்றோடு பின்தொடைத் தசைக்கும் பிட்டத் தசைக்குமாக ருமேனியன் டெட்லிஃப்டை (கையில் எடையுடன் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல்) சேர்த்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்கு நின்றபடி ஒன்றும், முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி ஒன்றுமாகக் குதிகால் உயர்த்தும் பயிற்சிகள் வேண்டும். உட்கார்ந்து செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கெண்டைக்காலின் உள்தசையான சோலியஸ் முழங்கால் மடங்கிய நிலையில்தான் பெரும்பங்கு வேலை செய்கிறது.

முதல் நான்கு வாரங்கள் ஆட்டத்தை முற்றிலும் நிறுத்திவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அதன்பின் மெதுவாகத் தாவல் பயிற்சிகளைச் சேர்க்கலாம்.

பதில் 2 (இயன்முறை மருத்துவர்)

மேலே சொல்லப்பட்ட பயிற்சித் திட்டத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் ஏற்கவில்லை.

நீங்கள் விவரித்த அடையாளங்கள், அதாவது சில்லின் கீழ்முனையில் ஓரிடத்தில் மட்டும் வலி, சூடேறியதும் தணிவது, மறுநாள் மீண்டும் தலைகாட்டுவது ஆகியவை, சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் சுமை தாங்காமல் நொந்துபோயிருப்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. 'தாவுவோர் முழங்கால்' என்று விளையாட்டு மருத்துவத்தில் அழைக்கப்படுவது இதுதான். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பதால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொண்டாலோ, நடக்கையில் கால் திடீரென நழுவுவதுபோல் இருந்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ, அது வேறு சிக்கலாக இருக்கலாம். அப்போது இங்கே எழுதப்பட்ட எந்தப் பயிற்சியையும் செய்யாமல் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதைப் படிக்கும் வளரிளம் வயதினருக்கும் ஒரு வார்த்தை: அந்த வயதில் இதே இடத்திலோ சற்றுக் கீழேயுள்ள எலும்புப் புடைப்பிலோ வலித்தால், அது வளரும் எலும்பு முனையின் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கையாளும் முறையும் வேறு.

முழு ஓய்வைப் பற்றி. ஓய்வெடுத்தால் வலி குறையும் என்பது உண்மை. ஆனால் சுமையே இல்லாத தசைநாண் தன் தாங்குதிறனையும் இழந்துகொண்டே வருகிறது. பல மாதம் நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புபவர் வலியின்றி வருகிறார். ஆனால் முன்பைவிடக் குறைந்த தாங்குதிறனோடு, முன்பிருந்த அதே எண்ணிக்கையிலான தாவல்களைச் சந்திக்கிறார். எனவே நிறுத்துவதைவிட அளவைக் குறைப்பதே மேல் என்று நான் சொல்வேன். நான்கு மாலைகளை இரண்டாக்குங்கள், அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், ஆட்டத்தில் எத்தனை முறை தாவுகிறீர்கள் என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்கள் தாங்கள் தாவுவதைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். சூடேற்றும்போது அடிக்கும் பந்துகள் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

எவ்வளவு வலியை ஏற்கலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வலியே இல்லாத நிலையைப் பூச்சியமாகவும், தாங்கவே முடியாத வலியைப் பத்தாகவும் கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்றுவரை இருந்தால் தொடரலாம். ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில்தான் வரும். தினமும் ஒரே மாதிரியான ஒரு சோதனையைச் செய்யுங்கள்: வலியுள்ள காலில் மட்டும் நின்று சிறிதளவு குந்தி எழுந்து, வலியின் எண்ணைக் குறித்துவையுங்கள். பயிற்சிக்கு மறுநாள் அந்த எண் வழக்கமான அளவிலேயே இருந்தால் சுமை சரி. கூடியிருந்தால் அடுத்த முறை எடையையோ தாவல்களையோ குறைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே வலி மறைந்துபோவதைக் குணமடைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தசைநாணின் இயல்பே சூடேறியதும் அமைதியாகிவிடுவது.

வலி அதிகமாக உள்ள முதல் சில வாரங்களில் அசையாமல் தாங்கும் பயிற்சி உதவும். உட்கார்ந்தபடி காலை நீட்டி எடையைத் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் கருவியில் முழங்காலை ஏறத்தாழ 60 பாகை மடக்கிய நிலையில், உங்கள் முழு வலுவில் சுமார் 70 சதவீத எடையை 45 நொடி அசையாமல் தாங்குங்கள். ஐந்து முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. சிலருக்கு இது உடனடியாக வலியைத் தணிக்கிறது, சிலருக்குப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. செய்து பார்த்து முடிவெடுங்கள். ஆனால் மெதுவான எடைப் பயிற்சிக்கு இதை மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. என்னிடம் உடற்பயிற்சிக் கருவிகள் இல்லை. ஒரு ஜோடி டம்பெல்களும் தடித்த ரப்பர்ப் பட்டை ஒன்றும் மட்டுமே இருக்கின்றன. அடுத்து, குந்தும்போது முழங்கால் கால்விரல்களைத் தாண்டி முன்னே போகக் கூடாது என்று எப்போதும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியா?

பதில் 3 (உடல்வலுப் பயிற்சியாளர்)

முழங்கால் முன்னே போவது தன்னளவில் தீங்கன்று. படியிறங்கும்போதும் தாவ எத்தனிக்கும்போதும் அது முன்னே போகத்தான் செய்கிறது. வலிந்து தடுத்தால் முழங்கால் மீதான சுமை சற்றுக் குறையும். ஆனால் உடல் முன்னே சாய்ந்து இடுப்பும் கீழ்முதுகும் அதைச் சுமக்கும். வலி மிகுந்திருக்கும் நாட்களில் முழங்கால் முன்னே போகும் அளவைக் குறைத்துக்கொள்வதில் பொருள் உண்டு. வலி தணிந்தபின் அந்தச் சுமையையும் முழங்கால் பழகியாக வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: முழங்கால் உட்புறமாகச் சரிகிறதா என்று பாருங்கள். அது பாதத்தின் திசையிலேயே செல்ல வேண்டும். குந்தும்போதும் தரையிறங்கும்போதும் அது உள்ளே மடிவது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (மூட்டின் எலும்புகளைப் பிணைக்கும் நார், ACL) கிழியும் பல நிகழ்வுகளில் காணப்படும் நிலை.

கருவிகள் இல்லாவிட்டால் ஒற்றைக்கால் பயிற்சிகள் கைகொடுக்கும். இரு கால்கள் பகிர்ந்துகொள்ளும் எடையை ஒரு கால் சுமக்கும்போது டம்பெல்களே கனமாகிவிடும். பின்காலை ஒரு பெஞ்சின்மேல் வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட் உங்களுக்கு முதன்மைப் பயிற்சியாக இருக்கட்டும், அதே மூன்று நொடிக் கணக்கில். அடுத்து, ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கும் பயிற்சி. அசையாமல் தாங்குவதற்கு, ரப்பர்ப் பட்டையை உறுதியான தூணில் கட்டி இரு முழங்கால்களின் பின்புறமாகவும் சுற்றிக்கொண்டு, பின்னே சாய்ந்து, கீழ்க்கால் செங்குத்தாக நிற்கும்படி குந்தி நில்லுங்கள். இதை ஸ்பானிஷ் ஸ்குவாட் என்பார்கள். கருவியில் செய்வதற்கு ஏறத்தாழ ஈடாகும்.

ஆட்டத்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். இரண்டு மாலைகள் ஆடுங்கள். ஆனால் அந்த நாட்களில் எடைப் பயிற்சி செய்தால் ஆட்டத்துக்குப் பின் செய்யுங்கள், முன்பு வேண்டாம். தாவலுக்கென்ற தனிப் பயிற்சியை எப்போது சேர்ப்பது என்றால், படியிறங்கும் வலி ஒன்றுக்குள் வந்து, எடை தொடர்ந்து கூடிக்கொண்டிருக்கும்போது. முதலில் தாழ்வான பெட்டியின்மேல் தாவி ஏறி, நடந்து இறங்குங்கள். ஏறும் தாவலில் இறங்கும் அதிர்ச்சி குறைவு. பின்னர் தரையிலிருந்து முழு வேகத்தில் தாவுதல். பெட்டியிலிருந்து குதித்துத் தரையைத் தொட்டவுடன் எழும்பும் பயிற்சி, 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை, கடைசியாக வரட்டும். அது கால்கள் நன்கு வலுப்பெற்றவர்களுக்கு உரியது, 30 செ.மீ. உயரத்துக்கு மேல் தொடங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு பயிற்சியில் 80 முதல் 100 தரைத்தொடுகைகள் என்பது வழக்கமான மேல்வரம்பு. ஆட்டமும் இருப்பதால் நீங்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாவலும் முழு முயற்சியாக இருக்க வேண்டும். உயரம் குறையத் தொடங்கியதும் அன்றைய பயிற்சி முடிந்தது.

முன்னேற்றத்தை அளக்கச் சுவரில் சுண்ணாம்புக் குறி போதும். கைப்பேசியில் படமெடுத்தால், கால் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தொடும்வரையான நேரத்திலிருந்து கணக்கிடலாம்: 0.60 நொடி என்றால் 44 செ.மீ., 0.64 நொடி என்றால் 50 செ.மீ. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க முறையையே பயன்படுத்துங்கள். 30 படங்கள் எடுக்கும் சாதாரண முறையில் ஒரு படம் தவறினாலே கணக்கு 5 செ.மீ. அளவுக்குப் பிசகும், அது ஒரு பருவத்து உழைப்பின் பலனையே மறைத்துவிடக்கூடிய அளவு. இறங்கும்போது காலை மடக்கினால் நேரம் பொய்யாகக் கூடிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

பதில் 4 (நெடுநாள் கைப்பந்து ஆட்டக்காரர்)

எடைப் பயிற்சி பற்றிச் சொல்ல வேண்டியதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் வலது கையால் அடிப்பவர், வலிப்பது இடது முழங்கால். இதை யாரும் தொடவில்லை. வலது கையால் அடிக்கும் பலர் இரு கால்களில் தாவி எழுந்தாலும் இடது காலில் மட்டுமே இறங்குகிறார்கள். இரு கால்கள் பங்கிட வேண்டிய அதிர்ச்சி ஒவ்வோர் அடிக்கும் ஒரே தசைநாணில் விழுகிறது. உங்கள் ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, இறங்கும் கால்களை மட்டும் பாருங்கள்.

அப்படி இருந்தால், காலைத் திருத்துவதற்கு முன் பந்தைப் பாருங்கள். பந்து உங்கள் வலது தோளுக்கு நேராக இல்லாமல் தலைக்கு மேலாக இடப்பக்கம் போகும்போதுதான் உடல் இடப்புறம் சாய்ந்து இடது காலில் விழும். ஓட்டத்தைச் சற்று முன்னதாகத் தொடங்கிவிடுவதாலும் அப்படி நேரும். கடைசிக்கு முந்தைய காலடியை நீளமாகவும், கடைசிக் காலடியைக் குறுகலாகவும் விரைவாகவும் வைத்து, இரு கைகளையும் பின்னிருந்து வீசி எழும்புங்கள். கை வீச்சைச் சரிசெய்வதாலேயே உயரத்தில் சில சென்டிமீட்டர் கூடுவதை ஆட்டக்காரர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன், அதற்கு முழங்கால் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. பந்து தூக்கித் தருபவரிடம் வலையிலிருந்து இன்னும் சற்று விலக்கி, பக்கக்கோட்டிலிருந்து சற்று உள்ளே தரச் சொல்லுங்கள். முதல் சில ஆட்டங்களில் அடிகள் வெளியே போகக்கூடும். அந்த நேரத்தில் பழைய இடத்துக்கே பந்தைக் கேட்டுவிடாதீர்கள்.