2012 சாதனை முறியவில்லை. அப்படியென்றால் துருவப் பனி உருகுகிறதா?

சயான் செல்வம்:
நேற்று மும்பை கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் பேருந்துக்கு நின்றேன். பக்கத்தில் இருந்தவர், "துருவத்துப் பனி உருகுவதால்தான் இதெல்லாம்" என்றார். எனக்கு உடன்பாடில்லை. வட துருவக் கடல்பனி மிகக் குறைந்தது 2012 செப்டம்பரில், சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். பிறகு எந்த ஆண்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2009ல் கோபன்ஹேகனில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர், 5 முதல் 7 ஆண்டுகளில் கோடைப் பனியே இல்லாமல் போகலாம் என்றார். போயிற்றா? தென் துருவத்தில் 2014 குளிர்கால உச்சத்தில் கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. இதையும் சொல்ல வேண்டாமா?

சசூன் டாக் மாரி:
கிங்ஸ் சர்க்கிள் பள்ளமான இடம். கடல் ஏறும் நேரத்தில் மழை கொட்டினால் தண்ணீர் வடியாது. அதில் உங்கள் பக்கம்தான் நான். அல் கோர் சொன்ன கணக்கும் தப்பு. ஆனால் 2012ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கலாமா அண்ணாச்சி? அந்த ஆகஸ்டில் பெரும்புயல் ஒன்று பனியை உடைத்துப் போட்டது. 1980களில் செப்டம்பரில் 70 லட்சம் இருந்த இடத்தில், 2015க்குப் பிறகு 50 லட்சத்தை எட்டவே இல்லை.

நான் மீன் ஏலம் எடுப்பவன். விடியற்காலையில் பெட்டியில் முழு ஐஸ் பாளம் வைத்தால் மதியம்வரை தாங்கும். உடைத்த தூள் ஐஸ் அதே பெட்டி நிறையப் பரந்து கிடக்கும். பத்து மணிக்குள் மீன் தண்ணீரில் மிதக்கும். பார்க்கப் பரப்பு ஒன்றுதான், கனம் வேறு. வட துருவத்தில் 4 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய, தடித்த பனி 1985ல் மூன்றில் ஒரு பங்கு. இப்போது நூற்றுக்கு 5கூட இல்லை. மிச்சமெல்லாம் தூள் ஐஸ் மாதிரிதான்.

செம்பூர் வாசுகி:
தென் துருவத்தை 2014ல் நிறுத்திவிட்டீர்களே. 2016ல் மளமளவென்று சரிந்தது. அங்கே கோடை முடிகிற பிப்ரவரியில்தான் பனி மிகக் குறையும்; 2023 பிப்ரவரியில் அது 18 லட்சத்துக்கும் கீழே. அப்புறம், மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் அநேகமாக ஏறாது. ஐஸ் போட்ட டம்ளரில் பார்க்கலாம். ஏற்றுவது நிலத்தின் மேல் கிடக்கும் பனி. 2002 முதல் கிரேஸ் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசை மாற்றத்தை வைத்து அதன் எடையைக் கணக்கிடுகின்றன. கிரீன்லாந்தில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் குறைகிறது. மும்பையில் கடலோரம் குடியிருக்கிற நமக்கு இந்த எண்தான் முக்கியம்.

சயான் செல்வம்:
குறைகிறது, சரி. மனிதன்தான் காரணம் என்பது எப்படி? ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கிரீன்லாந்தில் ஆடுமாடு வளர்த்தார்கள். சூரியனாக இருக்கக் கூடாதா?

செம்பூர் வாசுகி:
சூரியன் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். கீழே சூடேற, மேலே குளிர்கிறது. வெப்பம் கீழேயே தடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? அண்டார்டிக் பனியைத் துளைத்தெடுத்த 8 லட்சம் ஆண்டுக் காற்றுக் குமிழிகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. இப்போது 420க்கு மேல்.

சயான் செல்வம்:
மேலடுக்கு குளிர்வது எனக்குப் புதிய செய்தி. படித்துப் பார்க்கிறேன். ஆனால் தென் துருவக் கடல்பனி 2014 வரை கூடியதைக் கணினிக் கணிப்புகள் பலவும் தவறவிட்டன. அந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.

சசூன் டாக் மாரி:
விடாதீர்கள் அண்ணாச்சி. பிப்ரவரிக் கணக்கு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.