மின்சார அடுப்பில் ஆஃப் பாயில்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அடி கருகுகிறது, மேலே வெள்ளை கொழகொழவென்று நிற்கிறது என்றால் தவறு அடுப்பைக் கையாளும் விதத்தில்தான். கேஸில் தீயைக் குறைத்தால் சூடு உடனே இறங்கிவிடும். வாடகை வீட்டு செராமிக் அடுப்போ (மேலே கண்ணாடித் தட்டு உள்ள மின்சார அடுப்பு), அணைத்த பிறகும் சில நிமிடங்கள் சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் குமிழை நம்பாமல் சட்டியையே தூக்கிப் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடிமேல் இழுக்க வேண்டாம், கீறல் விழும்.

சட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து, இரண்டு முட்டைக்கு 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். ஈரம் துடைத்த கறிவேப்பிலை ஐந்தாறு போட்டு, படபடப்பு அடங்கியதும் முட்டையை ஊற்றுங்கள். கிண்ணத்தில் உடைத்து ஊற்றினால் மஞ்சள் கலையாது. ஓரம் நன்றாக வெளுத்ததும் 1 டீஸ்பூன் தண்ணீரைச் சட்டியின் விளிம்பில் விட்டு, உடனே மூடி, சட்டியை இறக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போதும்.

மூடி ஏன் என்றால், மஞ்சள்கரு 70 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும். வெள்ளை முழுதாக இறுக 80 டிகிரி வரை வேண்டும். அடிச்சூட்டை மட்டும் நம்பினால் இரண்டில் ஒன்று கெடும். ஆவி மேலிருந்து வெள்ளையை வேகவைக்கும்.

உப்பும் கொரகொரப்பாக இடித்த மிளகும் கடைசியில்தான். மிளகு எண்ணெயில் கருகினால் கசக்கும். இட்லிப் பொடி பிடித்தவர்கள், முட்டையை எடுத்தபின் சட்டியில் மிஞ்சிய சூட்டில் அரை டீஸ்பூன் பொடியை எண்ணெயோடு புரட்டி மேலே விடலாம். காலையில் டோஸ்டுக்கும் இரவில் ரசம் சாதத்துக்கும் இதுவே என் முதல் தேர்வு.

மறுமொழி: இண்டக்ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டி சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரும்பு தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். நான்ஸ்டிக்கை வெறுமையாகக் காயவிடாதீர்கள். எண்ணெய் புகைவதற்கு முன்பே முட்டை உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் புகை அலாரம் கத்தும்.

மறுமொழி: கர்ப்பிணிகள் கவனிக்க: ஓட்டில் சிவப்புச் சிங்க முத்திரை உள்ள கோழிமுட்டையை மஞ்சள் இளகிய நிலையில் சாப்பிடலாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017-ல் அறிவித்தது. முத்திரை இல்லையென்றால் திருப்பிப் போட்டு ஃபுல் பாயிலாகவே சாப்பிடுங்கள்.