வேலை அழைப்புக்கு "ஆனால்" போட்டுப் பதில் எழுதினேன். ஒப்பந்தம் உண்டா, இல்லையா?

கரூர் மெர்ச்சண்டைசர் (ஜூன் 25):
அனைவருக்கும் வணக்கம். கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். மே 28 அன்று திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம் மின்னஞ்சலில் வேலை அழைப்பு அனுப்பியது. மாதம் 38,000 ரூபாய். ஜூன் 5க்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஜூன் 16 அன்று சேர வேண்டும் என்று இருந்தது. ஜூன் 2 அன்று நான் அனுப்பிய பதில் அப்படியே:

"பணியை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். ஆனால் இங்கே ஒரு மாத நோட்டீஸ் இருப்பதால் ஜூலை 7 அன்றுதான் சேர முடியும்."

ஜூன் 4 அன்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். ஜூலை 4 கடைசி நாள். நேற்று அவர்களிடமிருந்து மின்னஞ்சல்: "உங்கள் பதில் நிபந்தனையுடன் இருந்ததால் எங்கள் அழைப்பு அன்றே செல்லாமல் போய்விட்டது. அந்த இடத்துக்கு வேறொருவரை நியமித்துவிட்டோம்." திருப்பூரில் வீட்டுக்கு 40,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஒரு "ஆனால்" இவ்வளவு செய்யுமா? இரவெல்லாம் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பணியாளர் அலுவலர்:
மனம் தளராதீர்கள் அம்மா. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் சொல்வதில் பாதி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 7ஆம் பிரிவின்படி ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும். "ஜூலை 7 அன்று சேர அனுமதிப்பீர்களா?" என்று கேட்டிருந்தால் அது வேண்டுகோள், ஏற்பு செல்லுபடியாகியிருக்கும். "அன்றுதான் சேர முடியும்" என்ற "தான்" அதை எதிர் முன்மொழிவாக்கிவிட்டது, அதாவது அவர்கள் அழைப்பை மறுத்து நீங்கள் வைத்த புது முன்மொழிவு. இங்கிலாந்தில் 1840இலேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். 1,000 பவுண்டுக்குச் சொன்ன பண்ணையை 950க்குக் கேட்டவர், அது மறுக்கப்பட்டதும் 1,000க்கே சம்மதம் என்றார். முதல் முன்மொழிவு உயிரோடு இல்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

வழக்கறிஞர், கோவை:
ஐயா சொன்னது சரி. ஆனால் கதை அங்கே முடியாது. எதிர் முன்மொழிவு என்றால், அதை ஏற்கும் உரிமை இப்போது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தங்கையே, ஜூன் 2க்கும் 24க்கும் நடுவில் அவர்களிடமிருந்து எதுவுமே வரவில்லையா? சும்மா இருந்தது சம்மதம் ஆகாது. ஒரு வரி வந்திருந்தாலும் தேடிப் பாருங்கள்.

கரூர் மெர்ச்சண்டைசர்:
அக்கா, ஜூன் 9 அன்று ஒன்று வந்தது. சான்றிதழ் கேட்டது என்பதால் முக்கியம் என்று நினைக்கவில்லை. "பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பட்டச் சான்றிதழ் அனுப்பவும். ஜூலை 7 காலை 9.30க்கு வரவேற்பறையில் இருக்கவும்." மறுநாளே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

வழக்கறிஞர், கோவை:
உங்கள் வழக்கின் உயிரே அந்த ஒரு வரிதான்! நீங்கள் கேட்ட அதே தேதியை, நேரத்தோடு எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அது உங்கள் எதிர் முன்மொழிவுக்கு ஏற்பு. ஒப்பந்தம் ஜூன் 9 அன்று உருவாகிவிட்டது. மின்னஞ்சல் என்பதால் செல்லாது என்று சொல்லவும் வழியில்லை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு இருக்கிறது.

ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: அனுப்பியவர் யார்? 1908இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி நிர்வாகக் குழு ஒருவரைத் தலைமையாசிரியராகத் தேர்ந்தெடுத்தது. குழு சொல்லச் சொல்லாமலேயே உறுப்பினர் ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். பிறகு குழு மனம் மாறியது. அதிகாரம் உள்ளவர் தெரிவிக்காததால் ஒப்பந்தமே இல்லை என்று தீர்ப்பானது.

கரூர் மெர்ச்சண்டைசர்:
மே 28 அழைப்பில் கையொப்பமிட்ட அதே மனிதவள மேலாளர்தான், அதே முகவரியிலிருந்து. பொது மேலாளருக்கும் நகல் போயிருக்கிறது. அப்படியானால் வேலையைத் தரச் சொல்லி வழக்குப் போடலாமா?

வழக்கறிஞர், கோவை:
வேலையை வற்புறுத்தி வாங்குவது கடினம். தனியார் பணி ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்று என்று நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். புதிய வேலையில் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம் என்று இருந்தால், தொகையும் பெரும்பாலும் அந்த ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டியே நிற்கும். வீட்டு முன்பணம், நீங்கள் ஊர் மாறுவது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்ட முடிந்தால்தான். அதற்குள் வேறு வேலை தேடியதற்கான சான்றும் வைத்திருங்கள். சும்மா இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல விடக்கூடாது. வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு காலம் உண்டு, ஆத்திரத்தில் இன்றே பதில் எழுத வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, 15100ஐ அழையுங்கள்.

ஓய்வுபெற்ற பணியாளர் அலுவலர்:
அம்மா, அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இன்னும் ஒன்பது நாள் நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர்தான். பின்னால் வரும் ஒரு தேதியிலிருந்து விலகுவதாகக் கொடுத்த கடிதத்தை, அந்தத் தேதி வருமுன் திரும்பப் பெறலாம் என்பது பொதுவிதி. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிவிட்டு ஜூலையில் திரும்பப் பெற்றதை 1978இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தனியார் நிறுவனத்தில் உங்கள் நியமனக் கடிதத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் இன்றே எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கரூர் மெர்ச்சண்டைசர் (ஜூன் 26):
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இன்று காலை விலகலைத் திரும்பப் பெறும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிட்டேன். என் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை, திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார் மேலாளர். ஜூன் 9 மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.