சாலையில் நடந்தாலே சம்மதமா? லாக் சொன்னதை வைத்து ஒரு வாக்குவாதம்

மாலைவெயில்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சமூக ஒப்பந்தத்தில், அதாவது மக்கள் சம்மதித்து அரசை ஏற்கும் உடன்பாட்டில், யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நாட்டின் சாலையில் நடந்தாலே அரசுக்குச் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் அன்றே சொல்லிவிட்டார், விஷயம் முடிந்தது." எங்கே முடிந்தது? 1748-லேயே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதைப் போட்டு உடைத்துவிட்டாரே. தூங்குகிற ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்க வேண்டுமென்றால் கடலில் குதித்துச் சாக வேண்டும். கப்பலிலேயே இருக்கிறான் என்பதற்காக அவன் கேப்டனின் அதிகாரத்துக்குச் சம்மதித்தவன் ஆவானா? அன்றாடக் கூலியில் வயிற்றைக் கழுவுகிற, வேற்று மொழி தெரியாத ஏழையிடம் "பிடிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போ" என்பதும் இதே கதைதான் என்றார் ஹியூம். பதில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி: நேற்று எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் தம்பி. அரசாங்கத்தைப் பற்றி லாக் எழுதிய இரண்டாம் ஆய்வுரையில் 119-ம் பிரிவை மட்டும் எட்டிப் பார்த்தால் இப்படித்தான் கோபம் வரும். நிலம் வைத்திருப்பவன், ஒரு வாரம் தங்குபவன், நெடுஞ்சாலையில் தடையின்றிப் போகிறவன், எல்லோரும் அந்த எல்லைக்குள் இருக்கும் வரை அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறார். 122-க்கு வாருங்கள். ஆயுள் முழுக்க ஒரு நாட்டில் இருந்தாலும் அதனாலேயே அந்தச் சமூகத்தின் உறுப்பினன் ஆகிவிட மாட்டான் என்று அவரே எழுதியிருக்கிறார். சட்டத்துக்குக் கட்டுப்படுவது வேறு, உறுப்பினன் ஆவது வேறு. கப்பல் உதாரணம் இதைத் தொடவே இல்லை.

மாலைவெயில்: முதலில் ஒன்று. நான் தம்பி இல்லை, அக்கா. அப்புறம், "தடையின்றிப் போகிறவன்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் நான் கேட்கிறேன். லாக் காலத்து இங்கிலாந்தில் தடையின்றிப் போனவன் யார்? 1662-ல் வந்த குடியிருப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு கூலிக்காரன் வேலை தேடிப் பக்கத்துத் திருச்சபை வட்டத்துக்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்) போய் ஒரு குடிசையில் தங்குகிறான். ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை கொடுக்கிற இடமாக அது இல்லையென்றால், நாளைக்கு நம் தலையில் சுமையாக விழுவான் என்று அந்த ஊர் ஏழை நிவாரண அதிகாரிகள் 40 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். இரண்டு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டால் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுவடைக்குப் போகக்கூட ஊர்ப் பாதிரியாரிடம் சான்று வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் காலை ஊன்ற முடியாதவனா நாட்டை விட்டுப் போகிற சுதந்திரத்தோடு இருந்தான்?

நடுத்தெரு: சம்மதம், கடமை, உறுப்பினர் தகுதி மூன்றும் ஒன்றா, வேறு வேறா? இதை முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

ஏட்டுச்சுவடி: அக்கா என்றே வைத்துக்கொள்வோம். குடியிருப்புச் சட்டத்தை லாக்கா கொண்டுவந்தார்? நாடாளுமன்றம் செய்த தப்புக்குத் தத்துவவாதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். போன வருஷம் இன்னொரு ஒப்பந்தத் தத்துவவாதி ஹாப்ஸ் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

பழுப்புத்தாள்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லாக்கின் நூலை எல்லோரும் 1690 என்றே எழுதுகிறார்கள். முகப்புத்தாளில் அப்படி இருப்பது உண்மைதான், ஆனால் புத்தகம் கைக்கு வந்தது 1689 கடைசியில்.

ஏட்டுச்சுவடி: இந்த இழையில் வருஷத்தை யாருமே எழுதவில்லை.

பழுப்புத்தாள்: நேற்று நீங்கள் எழுதினீர்கள். இரண்டு முறை.

மாலைவெயில்: வருஷத்தை விடுங்கள், சாலைக்கு வருவோம். சட்டம் லாக்குடையது இல்லை என்றீர்களே, 1697-க்குப் போவோம். அப்போது அவர் அரசுக்கு ஆலோசனை சொல்லும் வணிக வாரியத்தில் உறுப்பினர். ஏழைகளை என்ன செய்வது என்று அறிக்கை எழுதினார். கடலோர மாவட்டங்களில், அனுமதிச் சீட்டு இல்லாமல் சொந்த வட்டத்துக்கு வெளியே பிச்சை எடுக்கிற, 14-க்கு மேல் 50-க்குள் வயதுள்ள, உடம்பு நல்லா இருக்கிற ஆண்களைப் பிடித்து, துறைமுகத்தில் கடும் வேலையில் போட்டு, அரசரின் கப்பல் வந்ததும் அதில் ஏற்றி 3 வருஷம் சேவை செய்ய வைக்க வேண்டும் என்கிறார். சாலையில் நடந்தால் சம்மதம் என்றவர், சாலையில் நின்றவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றச் சொல்கிறார். ஹியூம் கற்பனையாகச் சொன்ன கப்பல் இது. லாக் நிஜமாகவே கேட்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி: அது பிச்சைக்காரர்களைப் பற்றியது, வழிப்போக்கர்களைப் பற்றியது அல்ல. அந்த யோசனை சட்டமாகவும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டது நேர்மையா?

மாலைவெயில்: சட்டமானது என்று எங்கே சொன்னேன்? எழுதினார் என்றேன். வழிப்போக்கன் எப்போது பிச்சைக்காரன் ஆகிறான் என்று தீர்மானிப்பது யார்? கையில் சீட்டு கேட்கிறவன்தானே. அப்படியானால் "தடையின்றி" என்ற சொல்லுக்கு என்ன மிச்சம்?

வெண்கொக்கு: இரண்டு பேரும் 'சமூக ஒப்பந்தம்' என்றே நூல் எழுதிய ரூசோவை மறந்துவிட்டீர்கள். 1762-ல் அவரும் ஒரு நாட்டில் குடியிருப்பதே சம்மதம் என்றுதான் எழுதினார். ஆனால் கீழே ஒரு குறிப்பு போட்டார்: இது சுதந்திர நாட்டுக்கு மட்டும்தான். மற்ற இடங்களில் குடும்பம், சொத்து, போக்கிடமின்மை, வறுமை, வன்முறை இவையெல்லாம் ஒருவனை விருப்பமில்லாமலே பிடித்து வைத்திருக்கும். அந்த அடிக்குறிப்பில் இவ்வளவு சண்டைக்கும் பதில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி: ரூசோவை இழுத்தால் மக்கள் எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் 'பொது விருப்பம்' என்ற அவருடைய கருத்து வரும், பிறகு பிரெஞ்சுப் புரட்சி வரும், பொழுது விடிந்துவிடும். கேள்வி லாக்கைப் பற்றியது.

வெண்கொக்கு: உங்களுக்கு ஒத்து வராத பெயர் வந்தாலே வெளியே போ என்பீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுத்தெரு: சம்மதம் என்றால் என்ன என்று கேட்டேன்.

மாலைவெயில்: கேட்டீர்கள். சாலை விஷயம் முடியட்டும். ஏட்டுச்சுவடி, 121-ம் பிரிவையும் எடுங்கள். மௌன சம்மதம் (வாய்திறந்து சொல்லாமல், அங்கே இருப்பதாலேயே கொடுத்ததாகக் கொள்ளும் சம்மதம்) மட்டும் கொடுத்தவன் நிலத்தை விற்றோ கொடுத்தோ விட்டுவிட்டு வேறு நாட்டில் போய்ச் சேரலாம் என்கிறார் லாக். விற்க நிலம் உள்ளவனுக்குச் சரி. நிலமே இல்லாதவன் எதை விற்றுவிட்டுப் போவான்?

ஏட்டுச்சுவடி: நிலம் இல்லாதவனைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை, அவன் கிளம்ப வேண்டியதுதான். லாக்கின் எழுத்து அதைத்தான் அனுமதிக்கிறது. நீங்கள் வறுமையையும் உரிமையையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மாலைவெயில்: கிளம்ப வேண்டியதுதானா? எந்தச் சாலை வழியாக? எந்தச் சீட்டோடு?

பழுப்புத்தாள்: 121 என்றதும் நினைவுக்கு வருகிறது. லாக் தன் பெயரைப் போடாமல்தான் இந்த நூலை வெளியிட்டார். 1704-ல் சாகும் தறுவாயில், உயிலோடு சேர்த்த குறிப்பில்தான் இது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

ஏட்டுச்சுவடி: அதற்கும் சாலைக்கும் என்ன சம்பந்தம்?

மாலைவெயில்: சாலையைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களே, சந்தோஷம். 40 நாள் கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.